உறைக்கு ஒரு உறை

அன்றைக்கு அவர் மூன்றாவது ஆள்.
உள்ளங்கையில் ஒரு குண்டு பல்பு,
அதிலிருந்து தொங்கும் கறுப்பு ஒயர்,
நுனியில் சீட்டுக்கட்டளவு சூரியத் தகடு.
பிடுங்கிய வள்ளிக்கிழங்கைப் போல
கல்லாமேசையில் போட்டுவிட்டுக் கேட்டார்:
"பல்பு இருக்கு. விளக்கு எங்கே?"

பெட்டி எங்கே என்றேன்.
எந்தப் பெட்டி என்றார்.

முசே எல்லையைத் தாண்டி
லாரியில் குலுங்கி ரங்கூன் வந்த சரக்கு.
அட்டையைச் செய்தவன் கெட்டிக்காரன்.
மூடியைப் பின்னால் மடித்தால் குடை.
பக்கத்துக் காதுகளை உள்ளே செருகினால் கால்.
உள்பக்க வெள்ளைதான் வெளிச்சத்தை
ஒன்றுக்கு இரண்டாக்கித் தருவது.
நடுவில் வட்டமாக ஒரு துளை,
பல்பின் கழுத்துக்கு அளவெடுத்தது.
மற்ற கம்பெனிக்காரன் பிளாஸ்டிக்கில் வார்ப்பதை
இவன் அட்டையிலேயே முடித்துவிட்டான்.
அதனால் விலை பாதி.
தலைவலி முழுசு.

கரண்டு போன தெருவில்
யாருக்குப் பொறுமை இருக்கிறது?
நகத்தால் கீறுகிறார்கள்,
பாக்குவெட்டியால் பிளக்கிறார்கள்.
முப்பத்திரண்டாம் தெரு மரிய சவரி
பல்லால் கடித்தே திறந்தாராம்,
அதைப் பெருமையாகவும் சொன்னார்.
காலையில் குப்பைவண்டி மணியடிக்கும்போது
விளக்கின் உடம்பு முழுவதும்
வாழைத்தோலோடும் மீன்செதிலோடும் ஏறிப் போய்விடும்.
வீட்டில் மிஞ்சுவது வெறும் தலை.

பெட்டியின்மேல் எழுதிப் பார்த்தேன்.
பர்மியில் ஒரு வரி, அதன்கீழ் தமிழில் ஒரு வரி:
எறியாதீர்கள், இதுதான் விளக்கு.
சரியாக அந்த வரியில்தான்
கத்தி வைத்தார்கள்.

முதலாளி இபுராம்சா
மோவாயைச் சொறிந்துகொண்டே சொன்னார்:
"மனுசனுக்குக் கிழிக்க ஏதாவது வேணும்மா.
கிழிக்கிறதுக்குன்னு தனியா ஒண்ணு குடு."

சாயங்காலமே பழைய பேப்பர் கட்டு வந்தது.
ஒவ்வொரு பெட்டியையும்
போன மாதச் செய்தியில் சுற்றி
சணலால் முடிந்து அடுக்கினேன்.
காசை மிச்சம்பிடிக்கத்தான்
உறையையே பொருளாக்கினான் ஒருத்தன்.
அதற்கும் ஒரு உறை போட்டுக்கொண்டு
நான் உட்கார்ந்திருந்தேன்.
சிரிப்பு வந்தது.
ஆனால் பலித்தது.

எதிர்க் கட்டடம், ஐந்தாம் மாடி.
கயிறு இறங்குகிறது,
நுனியில் கிளிப், கிளிப்பின் வாயில் மடித்த கியாட் நோட்டு.
மேலே டோ நின் யீயின் முகம்,
தனாக்கா காய்ந்த கன்னம்.
நோட்டை எடுத்துக்கொண்டு பொட்டலத்தை மாட்டினேன்.
ஒவ்வொரு மாடிக் கம்பியிலும் இடித்து,
மூன்றாம் மாடிக்காரரின் லுங்கியில் ஒருமுறை சிக்கி,
மேலே போய்ச் சேர்ந்தது.
அவள் பேப்பரைக் கிழிக்கிற சத்தம்
தெருவின் அத்தனை ஜெனரேட்டரையும் மீறி
எனக்குக் கேட்டதாகத்தான் நினைக்கிறேன்.
அப்புறம் ஒன்றுமில்லை, வெகுநேரம்.
அப்புறம் பால்கனிக்குள்
அட்டையின் அளவுக்கு ஒரு சதுர வெளிச்சம்.

மறுநாள் கயிறு இறங்கியபோது காசு இல்லை.
நீவி நீவி மடித்த அதே பேப்பர்,
ஒரு ஓரம்கூடக் கிழியாமல்.
சுருட்டிய சணல்.
கைகளைக் குவித்து மேலிருந்து கத்தினாள்,
அடுத்த ஆளுக்கு ஆகுமே என்று.

அந்த மூன்றாவது ஆளுக்கு
ஊதுபத்தி டப்பா ஒன்றில் துளை போட்டுக் கொடுத்தேன்.
திரும்பி வரவில்லை.
எரிகிறதா, கோபமா, தெரியாது.

தாமுவேயில் எங்கள் வீட்டில் இருப்பது
லாரியில் நசுங்கி விலைபோகாத ஒன்று,
இடுப்பில் பழுப்பு டேப்.
மூடியைப் பின்னால் மடித்ததில்
'இந்தப் பக்கம் மேலே' என்கிற அம்பு
தலைகீழாகிவிட்டது.
பல்பு எரிந்தால்
அட்டைக்குள்ளிருந்து சிவந்து தெரியும் அம்பு
பாயையும் சோற்றுத் தட்டையும் காட்டுகிறது.
ஙாப்பிக் கிண்ணத்துக்கு நேரே யார் உட்கார்வது என்று
எனக்கும் பூங்காவனத்துக்கும்
தினமும் சண்டை.